ஸ்பானிஷ் மொழிப் பேராசிரியர் ஒருவர் ஐரோப்பாவின் இடைக்காலத்தை ஆராய்வதால் யாருக்கு என்ன பயன்?

எனக்குப் பயன்பட்டது. ஊர் இலங்கையில் காத்தான்குடி. வெளிநாட்டில் படிக்கப் போன இடத்தில் ஏதாவதொரு மொழி கட்டாயம் என்றார்கள். ஸ்பானிஷில்தான் இடம் மிச்சம் இருந்தது.

இலக்கண வகுப்பிலும் பேராசிரியர் எப்படியாவது இடைக்காலத்துக்குப் போய்விடுவார். ‘ஓஹாலா’ என்றொரு சொல், ‘அப்படி நடந்தால் நல்லது’ என்ற பொருளில் வரும். அரபியிலிருந்து வந்தது. நம் இன்ஷா அல்லாஹ்வுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் பழைய கையெழுத்துப் பக்கமொன்றைத் திரையில் போட்டு, யாராவது வாசிப்பீர்களா என்று பகிடியாகக் கேட்டார். அரபு எழுத்து. குர்ஆன் ஓதிய பழக்கத்தில் எழுத்துக்கூட்டினேன். வாயில் வந்தது ஸ்பானிஷ்! அல்ஹமியாதோ என்று பெயர். ஸ்பெயினில் இருந்த முஸ்லிம்கள் ஊர்மொழியை அரபு எழுத்தில் எழுதியது. ‘பள்ளி’யில் வரும் ‘ப’ அரபியில் கிடையாது. ‘அபூ’வில் வரும் எழுத்துக்கு மேல் ஷத்து என்ற இரட்டிப்புக் குறியை வைத்து அதை உண்டாக்கியிருந்தார்கள்.

“சேர், எங்கட மூத்தம்மாவிடமும் இப்படி ஒரு கிதாபு இருக்கு. எழுத்து அரபு, மொழி தமிழ். ‘ப’வுக்கு நாங்கள் புள்ளி கூட்டுவோம்” என்றேன். அன்று பாடம் அத்தோடு நின்றது. 1609 முதல் 1614 வரை அந்த மக்களை ஸ்பெயினிலிருந்து துரத்திய கதையைச் சொன்னார். 1884இல் அரகோன் பக்கம் அல்மோனசித் என்ற ஊரில் பழைய வீடொன்றை இடித்தபோது, பொய்த்தளத்துக்குள் அவர்கள் ஒளித்துவைத்த ஏடுகள் கிடைத்தனவாம். மதிப்புத் தெரியுமுன் சில நெருப்புக்குப் போய்விட்டன.

அப்புறம், அவர் பாடத்தில் ஒரு பகுதி மதிப்பெண்கள் வகுப்புக்கு வெளியேதான். ஸ்பானிஷ் பேசும் முதியவர்களோடு உட்கார்ந்து அவர்கள் சொல்வதை எழுத வேண்டும். முதலில் எரிச்சலாக இருந்தது. எனக்குக் கிடைத்த அம்மா தோடம்பழம் உரித்துக்கொண்டே என் வினைச்சொற்களைத் திருத்துவார். உண்மையைச் சொன்னால் பாதி ஸ்பானிஷ் அவரிடம் படித்ததுதான்.

எல்லா ஆராய்ச்சியும் இப்படி என்று சொல்லமாட்டேன். பதவி உயர்வுக்கென்றே எழுதப்படுவதும் நிறைய உண்டு.

ஊருக்கு வந்ததும் கிதாபுகளைத் தேடினேன். அரபு எழுத்தைக் குப்பையில் போடக்கூடாதென்று இரண்டு சாக்கு நிறைய வாவியில் விட்டுவிட்டதாக உம்மா சொன்னா. மூத்தம்மாவின் தலையணைக்குக் கீழே இருந்த ஒன்றுதான் தப்பியது. இப்போது வெள்ளிக்கிழமைகளில் அஸர் தொழுகைக்குப் பிறகு அதை வைத்துக்கொண்டு உட்காருகிறோம். பூச்சி அரித்த வரிகளை அவ மனப்பாடமாகச் சொல்லுவா, நான் எழுதிக்கொள்வேன். சரி, இதுவரை பதினோரு பக்கம் முடிந்திருக்கிறது.