வாசகர் கேள்விகள்: பிளஸ் டூவுக்குப் பின் அறிவியல்

கேள்வி: பிளஸ் டூவில் கணிதம்–உயிரியல் பிரிவு படிக்கிறேன். இயற்பியல் என்றால் எனக்கு உயிர். வீட்டிலோ, “பி.எஸ்சி. முடித்துவிட்டு என்ன செய்வாய்? பேசாமல் கம்ப்யூட்டர் சயின்ஸ் இன்ஜினீயரிங் சேர்” என்கிறார்கள். எதை நம்புவது?
– மாணவி, தருமபுரி

பதில்: இயற்பியலுக்கு எதிர்காலம் இருக்கிறது. எங்கே படிக்கிறீர்கள், படிக்கும்போதே அடுத்த தேர்வுக்குத் தயாராகிறீர்களா என்ற இரண்டையும் பொறுத்து அது அமையும்.

ஆராய்ச்சிதான் விருப்பம் என்றால் முதலில் முயல வேண்டியது ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம். புனே, கொல்கத்தா, மொஹாலி, போபால், திருவனந்தபுரம், திருப்பதி, பெர்ஹாம்பூர் என ஏழு ஊர்களில் இருக்கிறது. இளநிலையும் முதுநிலையும் சேர்ந்த ஐந்தாண்டு பி.எஸ்.–எம்.எஸ். படிப்பு. தொடக்கத்தில் எல்லோரும் எல்லா அறிவியல் பாடங்களையும் படிப்பார்கள். முதன்மைப் பாடத்தைப் பிறகு தேர்ந்தெடுத்தால் போதும். நுழைவுத் தேர்வின் பெயர் ஐஏடி. இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் ஒவ்வொன்றிலும் 15 கேள்விகள், ஆக மொத்தம் 60. நேரம் 3 மணி. சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறினால் 1 குறையும். நான்கு பாடங்களையும் படித்திருப்பதால் உங்கள் பிரிவுக்கு இந்தத் தேர்வில் இயல்பாகவே வசதி அதிகம். இதே மதிப்பெண்ணை வைத்து பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் நான்காண்டு பி.எஸ். படிப்புக்கும் முயலலாம்.

நம் மாணவர்கள் வழுக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, விண்ணப்பம். பொதுத்தேர்வு மும்முரத்தில் இருக்கும் மார்ச் வாக்கில் அது திறக்கும். தேர்வு முடிந்து மூச்சுவிடும்போது பல நேரம் கடைசித் தேதி நெருங்கியிருக்கும். ஜனவரியிலிருந்தே வாரம் ஒருமுறை ஐசர் சேர்க்கை இணையதளத்தைப் பாருங்கள். இன்னொன்று, பிளஸ் ஒன் பாடம். இயக்க விதிகள், சுழற்சி இயக்கம், வெப்ப இயக்கவியல் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. பல பள்ளிகளில் அந்த ஆண்டு ஓட்டமாக ஓடிவிடுகிறது. மாநிலப் பாடநூலை வைத்துக்கொண்டே என்சிஇஆர்டி நூலின் பயிற்சிக் கணக்குகளையும் பழைய ஐஏடி வினாத்தாள்களையும் போட்டுப் பாருங்கள்.

புவனேஸ்வரத்தில் உள்ள தேசிய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனமான நைசருக்கும் மும்பையில் உள்ள அடிப்படை அறிவியல் மையத்துக்கும் நெஸ்ட் என்று தனித் தேர்வு உண்டு. அதில் நான்கு பாடங்களில் சிறந்த மூன்றின் மதிப்பெண்ணை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். உயிரியல் எடுக்காத உங்கள் தோழிகளுக்கு ஐஏடியைவிட இது தோது.

இரண்டிலும் இடம் கிடைக்காவிட்டால் நல்ல ஆய்வகமுள்ள ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் சேருங்கள். மூன்றாம் ஆண்டில் ஜாம் தேர்வு எழுதினால் ஐஐடிகளில் எம்.எஸ்சி. படிக்கலாம். 60 கேள்விகள், 100 மதிப்பெண், 3 மணி நேரம். இருபது கேள்விகளுக்கு விடையாக ஓர் எண்ணை நீங்களே தட்டச்சு செய்ய வேண்டும். நான்கில் ஒன்றை ஊகித்துக் குறிக்கும் வேலை அங்கே நடக்காது. செமஸ்டர் தேர்வுக்கு ‘முக்கிய வினாக்கள்’ மட்டும் படித்துத் தொண்ணூறு வாங்குபவர்கள் ஜாமில் தடுமாறுவது இதனால்தான். முதல் ஆண்டிலேயே வெக்டர் கால்குலஸையும் வகைக்கெழுச் சமன்பாடுகளையும் கணக்குப் போட்டுப் பழகுங்கள். பைத்தானும் கற்றுக்கொள்ளுங்கள். இயற்பியல் படித்தவர் மென்பொருள் வேலைக்குப் போவது நடக்கக்கூடியது. மென்பொருள் படித்தவர் பின்னாளில் இயற்பியல் ஆய்வுக்குத் திரும்புவது மிகக் கடினம். வீட்டில் சொல்ல வேண்டிய முக்கியமான வாதம் இதுவே.

பணத்தைப் பற்றியும் பேசுங்கள். பிளஸ் டூவில் தம் வாரியத்தின் முதல் 1 சதவீதத்துக்குள் வந்து அடிப்படை அறிவியல் படிப்பவர்களுக்கு மத்திய அரசின் இன்ஸ்பையர் உதவித்தொகை ஆண்டுக்கு ரூ.80,000. பின்னாளில் நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை) பெற்று பிஎச்.டி. சேர்ந்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் ரூ.37,000, அதன்பின் ரூ.42,000, வீட்டு வாடகைப்படி தனி.

கேள்வி: மகனுக்கு இஸ்ரோ கனவு. ஏரோஸ்பேஸ் இன்ஜினீயரிங் சேர்த்தால்தான் போக முடியும் என்று ஒரு கல்லூரியில் சொல்கிறார்கள். உண்மையா?
– தந்தை, வள்ளியூர்

பதில்: இல்லை. இஸ்ரோவின் விஞ்ஞானி/பொறியாளர் ‘எஸ்சி’ (இது பணிநிலையின் பெயர், சாதிப் பிரிவு அல்ல) பணிக்கான அறிவிப்பை ஒருமுறை தேடிப் படியுங்கள். வழக்கமாக இடங்கள் வருவது எலெக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் சயின்ஸ் பிரிவுகளில். பி.இ.யில் 65 சதவீதம் அல்லது 6.84 சிஜிபிஏ வேண்டும். முதலாண்டு அரியர்களால் சராசரி சரிந்து, கடைசியில் விண்ணப்பிக்கவே முடியாமல் போகிறவர்கள் நிறைய. பையனிடம் அந்த எண்ணை இப்போதே சொல்லிவையுங்கள்.

விண்வெளிக்கென்றே உள்ள கல்வி நிறுவனம் திருவனந்தபுரம் அருகே வலியமலையில் இருக்கும் ஐஐஎஸ்டி (இந்திய விண்வெளி அறிவியல், தொழில்நுட்பக் கழகம்). பி.டெக். சேர்க்கைக்கு ஜேஇஇ அட்வான்ஸ்டு எழுத வேண்டும். உங்கள் ஊருக்குப் பக்கத்து மகேந்திரகிரி உட்பட இஸ்ரோ மையங்களில் டிப்ளமோ, ஐடிஐ படித்தவர்களுக்கும் பணியிடங்கள் உண்டு.

கேள்வி: நீட்டில் போதிய மதிப்பெண் வரவில்லை. மறுபடி எழுதும் மனநிலையும் இல்லை. பயோடெக்னாலஜி, மைக்ரோபயாலஜி, தடயவியல் எனப் பல பி.எஸ்சி. படிப்புகளுக்கு அழைக்கிறார்கள். எது நல்லது?
– மாணவர், விருத்தாசலம்

பதில்: அவற்றுக்கு முன் ஒன்றைப் பாருங்கள். தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவப் படிப்பின் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கும் வேளாண் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. வேளாண்மைக்கும் பிளஸ் டூ மதிப்பெண்தான் அடிப்படை, நீட் தேவையில்லை. நீட் பயிற்சியிலேயே மூழ்கியிருந்ததால் இந்த விண்ணப்பத் தேதிகளைத் தவறவிட்டவர்கள் ஏராளம்.

பி.எஸ்சி.தான் என்றால், ஆசிரியர் பணியையும் ஒரு வாய்ப்பாக வைத்திருக்க நினைப்பவர்கள் விலங்கியல், தாவரவியல், வேதியியல் போன்ற அடிப்படைப் பாடம் எடுப்பதே பாதுகாப்பு. புதுப்பெயர்ப் பட்டங்களுக்கு அரசு வேலைக்குப் போகும்போது இணைத்தன்மை அரசாணை (அந்தப் பட்டம் அடிப்படைப் பாடப் பட்டத்துக்குச் சமம் என்னும் அரசு உத்தரவு) இருக்கிறதா என்ற கேள்வி எழும். எம்.எஸ்சி.யில் பயோடெக்னாலஜிக்கு மாறிக்கொள்ளலாம்.

பயோடெக்னாலஜியே வேண்டுமென்றால் கல்லூரிக்கு நேரில் போய் ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். டிஎன்ஏவைப் பல படிகளாகப் பெருக்கும் பிசிஆர் கருவி வேலை செய்கிறதா, செய்முறை வகுப்பில் ஒரு மேசைக்கு எத்தனை பேர், இறுதியாண்டு புராஜெக்ட் கல்லூரியிலேயே நடக்கிறதா, வெளியே ‘புராஜெக்ட் சென்ட’ருக்குப் பணம் கட்டி வாங்குகிறார்களா? கடைசிக் கேள்வியை ஆசிரியரிடம் கேட்காமல் மூன்றாமாண்டு மாணவர்களிடம் கேளுங்கள். ஆய்வகத்தைக் காட்டத் தயங்கும் கல்லூரி வேண்டவே வேண்டாம்.

கேள்வி: பி.எஸ்சி. கணிதம் இரண்டாமாண்டு. ஆசிரியர் வேலை தவிர வேறென்ன?
– மாணவி, துறையூர்

பதில்: ஆக்சுவரி எனப்படும் காப்பீட்டுக் கணிப்புத் துறை இருக்கிறது. அதற்கான ஏசிஇடி நுழைவுத் தேர்வை இப்போதே எழுதலாம். பட்டத்தில் புள்ளியியல் ஒரு பாடமாக இருந்தால் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வும் எழுத முடியும். எம்.சி.ஏ.வுக்கு டான்செட் எனப்படும் தமிழ்நாடு பொது நுழைவுத் தேர்வு உண்டு. கணிதத்திலேயே தொடர விரும்பினால் சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் கழகத்தின் நுழைவுத் தேர்வு.

கேள்வி: பி.எஸ்சி. இயற்பியல் முடிக்கப்போகிறேன். மருத்துவமனையில் இயற்பியல் படித்தவர்களுக்கு வேலை உண்டு என்கிறார்களே?
– மாணவர், திண்டுக்கல்

பதில்: உண்டு. புற்றுநோய்க்குக் கதிரியக்கச் சிகிச்சை தரும் மருத்துவமனைகளுக்கு மருத்துவ இயற்பியலாளர் கட்டாயம் தேவை. நோயாளிக்கு எத்தனை கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு, எந்தக் கோணத்தில் என்று மருத்துவர் சொல்லும் அளவுக்கேற்பத் திட்டமிடுவதும், கருவி சரியான அளவைத் தருகிறதா என்று அளந்து பார்ப்பதும் அவர் வேலை. இதற்கு எம்.எஸ்சி. மருத்துவ இயற்பியல் படிக்கலாம், அல்லது எம்.எஸ்சி. இயற்பியலுக்குப் பின் கதிரியக்க இயற்பியலில் பட்டயம் பெறலாம். இரண்டு வழியிலும் மருத்துவமனையில் ஓராண்டு உள்ளகப் பயிற்சி முடித்தால்தான் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் தகுதியாக ஏற்கும். சேரும் முன், அந்தப் பயிற்சியை எந்த மருத்துவமனையில் ஏற்பாடு செய்து தருகிறார்கள் என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பி.எஸ்சி. மதிப்பெண் 60 சதவீதத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குறைந்தால் விண்ணப்பத்தையே ஏற்காத இடங்கள் உண்டு.