கட்டையைப் பார்த்து டார்ச் வாங்குங்கள்

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்தில் கடிகாரமும் டார்ச்சும் ரிப்பேர் பார்க்கிற கடையில் நான் உட்கார்ந்து இருபத்தெட்டு வருடம் ஆகிறது. அப்பா ரப்பர் பால் வெட்டினவர். அவருடைய பேட்டரி லைட்டைக் கழற்றி மாட்டித்தான் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டேன். சின்ன எல்.இ.டி டார்ச் பற்றியும் அதன் கட்டை, அதாவது பேட்டரி, பற்றியும் இந்த மாதம் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அண்ணா, நான் எஸ்டேட்டில் பால் வெட்டுகிறேன். காலை மூன்றரைக்கு நெற்றி லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்கினால் ஐந்து மணிக்குள் மங்கிவிடுகிறது. பேட்டரியில் 9900 எம்ஏஎச் என்று எழுதியிருக்கிறது. அவ்வளவு பெரிய பேட்டரி ஏன் நிற்கவில்லை?
— ஒரு வாசகி, அருமனை

அக்கா, எம்ஏஎச் என்பது பேட்டரி எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்ற அளவு. அந்த 9900 பொய். உங்களைப் போன்றவர்களின் உழைப்புக் காசில் விற்கப்படுகிற பொய் என்பதால் எனக்கு இதில் கோபம் அதிகம்.

உங்கள் லைட்டின் பின்பக்க டப்பாவில் இருப்பது 18650 ரகம். 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம், கடைசி சைபர் உருளை வடிவம் என்பதற்கு. இந்த அளவுக்குள் நல்ல கம்பெனிக்காரர்கள் அடைப்பதே பெரும்பாலும் 2000 முதல் 3500 எம்ஏஎச் வரைதான். 9900 அதற்குள் அடங்கவே அடங்காது. போன மழைக்காலத்தில் இதேபோல எழுதின ஒன்று கடைக்கு வந்தது. பக்கத்து நகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 31 கிராம். நல்ல 18650 என்றால் 45 கிராமை ஒட்டி இருக்கும். அப்புறம் முழுக்க சார்ஜ் ஏற்றி மீட்டரில் போட்டு இறக்கினேன். 1150-இல் தீர்ந்துவிட்டது. உங்களுடையதும் அந்தக் கூட்டத்தில் ஒன்றாகத்தான் இருக்கும். கையில் எடுத்ததும் எடையில்லாமல் இருந்தால் வாங்காதீர்கள்.

ஒரு கணக்கு சொல்கிறேன். 3000 எம்ஏஎச் உள்ள நேர்மையான 18650 ஒன்றில் சுமார் 11 வாட் மணி மின்சாரம் இருக்கிறது. நல்ல எல்.இ.டி ஒரு வாட்டுக்கு 100 லூமென் வெளிச்சம் தரும். பட்டைக்கும் கண்ணுக்கும் ஒரு கை தூரம்தான், அதற்கு 100 லூமென் தாராளம். சர்க்யூட்டில் கொஞ்சம் வீணாகும் என்று கழித்தாலும் எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் எரியும். வெயில் ஏறினால் இலை நீரை இழுத்து மரத்துக்குள் அழுத்தம் குறைந்துவிடும், பால் சீக்கிரம் நின்றுவிடும். அதனால்தானே இருட்டில் போகிறோம். முந்நூறு மரம் முடிய விடிந்துவிடும். ஆகவே உங்களுக்குத் தேவை பிரகாசமான லைட் அல்ல, குறைந்த வெளிச்ச பட்டனும் நேர்மையான பேட்டரியும் உள்ள லைட்.

வெளிச்சத்தின் நிறத்தையும் பாருங்கள். வெள்ளை எல்.இ.டி என்பது உண்மையில் நீல எல்.இ.டி. அதன் மேல் மஞ்சள் பூச்சு பூசி வெள்ளையாக்குகிறார்கள். அந்த நீலத்தைப் பிரகாசமாக எரியவைத்ததற்காக 2014-இல் அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் இயற்பியல் நோபல் கொடுத்தார்கள். விலை மலிந்த லைட்டில் நீலம் தூக்கலாக இருக்கும். அதில் பட்டையின் பழுப்பும் உள்தோலின் வெளுப்பும் ஒன்றுபோலத் தெரியும். கத்தி தடியில் (உள்மரத்தில்) படாமல் ஒரு மில்லிமீட்டர் முன்னால் நிற்கவேண்டிய வேலையில் இது பெரிய விஷயம். கடையில் உள்ளங்கை மேல் அடித்துப் பாருங்கள். கை பிணம்போல வெளுத்துத் தெரிந்தால் வேண்டாம், ரத்த ஓட்டத்தோடு தெரிந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

மேல் உறை கிழிந்த 18650-ஐ உடனே ஒதுக்கிவிடுங்கள். அதன் தகரம் முழுவதும் மைனஸ், நுனி மட்டும்தான் பிளஸ். நடுவே இருப்பது அந்த மெல்லிய பிளாஸ்டிக் உறைதான். உபரிப் பேட்டரியைக் கத்தியோடும் சில்லறையோடும் ஒரே பையில் போட்டால் தீப்பிடிக்கலாம். தனி டப்பாவில் போட்டு எடுத்துப் போங்கள்.

வெள்ளை எல்.இ.டி எரிய 3 வோல்ட் வேண்டும் என்று பாடத்தில் படித்தேன். என் சாவிக்கொத்து டார்ச்சில் ஒரே ஒரு சின்ன பென்சில் பேட்டரிதான் இருக்கிறது, அது 1.5 வோல்ட். எப்படி எரிகிறது?
— ஒரு கல்லூரி மாணவர், நாகர்கோவில்

தம்பி, நல்ல கேள்வி. குழாயில் தண்ணீர் வேகமாக ஓடும்போது சட்டென்று திருகி மூடினால் உள்ளே 'டொக்' என்று ஓர் இடி கேட்கும் இல்லையா? ஓடிவந்த தண்ணீர் நிற்க மறுத்து முட்டுகிற சத்தம் அது. அந்த நொடியில் குழாய்க்குள் அழுத்தம் டேங்கின் அழுத்தத்தைவிட மேலே போய்விடும்.

உன் டார்ச்சின் தலைக்குள் பாசிப்பயறு அளவில் ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. பேட்டரியின் மின்சாரம் அதில் ஓடத் தொடங்கியதும் ஒரு டிரான்சிஸ்டர் படாரென்று பாதையை மூடும். ஓட்டம் நிற்க மறுக்கும். வோல்டேஜ் எகிறி எல்.இ.டி வழியாகப் பாயும். இது நொடிக்குப் பல்லாயிரம் தடவை நடப்பதால் கண்ணுக்கு நிலையான வெளிச்சமாகத் தெரிகிறது. இலவசமாக எதுவும் வருவதில்லை. வோல்டேஜ் இரண்டு மடங்கானால் பேட்டரியிலிருந்து உறிஞ்சும் கரன்டும் இரண்டு மடங்குக்கு மேலே போகும். அதனால்தான் இந்த டார்ச்சுக்குச் சாதாரண கார்பன் பேட்டரி ஒத்துவராது, அல்கலைன் வேண்டும். உள்ளுக்குள்ளேயே மின்சாரத்தைத் தடுக்கும் உள்தடை கார்பன் பேட்டரிக்கு அதிகம், அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது.

திருவிழாக் கடையில் விற்கும், அமுக்கினால் எரியும் சின்ன லைட்டில் இந்த வித்தை கிடையாது. இரண்டு சி.ஆர்.2016 பொத்தான் பேட்டரியை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து 6 வோல்ட்டை நேரே எல்.இ.டியில் கொடுத்துவிடுவார்கள். பேட்டரியின் உள்தடைதான் எல்.இ.டியைக் கருகாமல் காக்கிறது.

ஓர் எச்சரிக்கை. 14500 என்று ஒரு லித்தியம் பேட்டரி உண்டு. பார்க்க ஏஏ பென்சில் பேட்டரி மாதிரியே இருக்கும். முழு சார்ஜில் அது 4.2 வோல்ட். டார்ச்சில் அனுமதி எழுதியிருந்தால் ஒழியப் போடாதே. சர்க்யூட் எரிந்துபோன டார்ச்சுகள் இப்படித்தான் என் மேசைக்கு வருகின்றன.

கடலுக்குக் கொண்டுபோகும் டார்ச்சில் பேட்டரி கசிந்து வெள்ளையாகப் பூத்துவிட்டது. தூக்கி எறியவா, சுத்தம் செய்யலாமா?
— ஒரு மீனவர், குளச்சல்

அவசரப்பட்டு எறியாதீர்கள் அண்ணே. முதலில் அது என்ன வெள்ளை என்று பார்க்கவேண்டும். அல்கலைன் பேட்டரிக்குள் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம். வெளியே கசிந்ததும் காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து வெள்ளைப் பொடியாகிவிடும். பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு வைத்து அதன்மேல் தொடுங்கள். 'சுர்ர்' என்று கடுகு கடுகாக நுரைத்தால் அந்தப் பொடிதான். நுரை அடங்கும்வரை தொட்டுத் தேயுங்கள். அப்புறம் நல்ல தண்ணீர் நனைத்த துணியால் துடைத்து, ஒரு நாள் முழுக்க நிழலில் காயவிடுங்கள். கையை நன்றாகக் கழுவுங்கள், கண்ணைத் தொடாதீர்கள். ஸ்பிரிங் பச்சை பிடித்திருந்தால் உப்புத்தாளால் பளபளப்பு வரும்வரை தேய்த்தால் போதும். அலுமினிய உடம்பில் குழி விழுந்து மரை அரித்திருந்தால்தான் காப்பாற்ற முடியாது. காரம் அலுமினியத்தைத் தின்றுவிடும்.

கசிவதற்கு ஒரு முக்கியக் காரணம் கலந்து போடுவது. புதிய பேட்டரியும் பழையதும் சேர்த்துப் போட்டால், பழையது முதலில் தீர்ந்துவிடும். அதன் பிறகும் புதியது அதன் வழியாக மின்சாரத்தைத் தள்ள, பழையதன் வோல்டேஜ் தலைகீழாகிவிடும். உள்ளே வாயு உண்டாகி மூடி பிதுங்கும். போட்டால் எல்லாம் ஒரே நாளில் புதிது, எடுத்தால் எல்லாம் ஒன்றாக.

கரைக்கு வந்ததும் மூடியைத் திறக்காமலே நல்ல தண்ணீரில் அலசிவிட்டு, துடைத்த பிறகு திறங்கள். மரையில் இருக்கும் கறுப்பு ரப்பர் வளையத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்கள் உண்டு. எண்ணெய் பட்டால் ரப்பர் என்ன ஆகும் என்பது எங்கள் மலைப்பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், ஊதிப்போகும். சிலிக்கோன் கிரீஸ் ஒரு மிளகு அளவு போதும்.

பேரனின் பொம்மை டார்ச்சில் பொத்தான் பேட்டரி இருக்கிறது. மூடி லூசாகிவிட்டது. விழுங்கினால் தானாக வெளியே வந்துவிடும் என்கிறார்களே?
— ஒரு பாட்டி, தக்கலை

அம்மா, அந்தப் பொம்மையை இப்போதே பிள்ளை கையிலிருந்து வாங்கி உயரத்தில் வைத்துவிடுங்கள். சி.ஆர்.2032 பேட்டரி 20 மில்லிமீட்டர் அகலம், சின்னக் குழந்தையின் உணவுக்குழாயில் போய்ச் சிக்கிக்கொள்ளும். எச்சில் பட்டதும் பேட்டரி வேலை செய்யத் தொடங்கி, மைனஸ் பக்கத்தில் காரம் ஊறி, இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதையைப் பொசுக்கிவிடும். வெளிச்சம் தராமல் தீர்ந்துபோன பேட்டரியும் இதைச் செய்யும், அதில் மிச்சமிருக்கும் வோல்டேஜ் போதும். விழுங்கியிருப்பான் என்ற சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரே உள்ள ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், சோறும் வாழைப்பழமும் கொடுத்து இறக்கப் பார்க்காதீர்கள். பொம்மைகளில் ஸ்குரு போட்டு மூடுகிற மூடி இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

மழைக்காலத்துக்கு வீட்டில் எந்த டார்ச், எந்த பேட்டரி வைத்திருக்கலாம்?
— ஒரு வாசகர், திருவட்டாறு

2017 நவம்பர் 30-ஐ நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். ஒக்கிப் புயலில் எங்கள் பக்கத்து ரப்பரும் வாழையும் சாய்ந்து, மின்கம்பங்களும் சாய்ந்தன. எங்கள் தெருவுக்குப் பத்தாம் நாள்தான் கரன்ட் வந்தது. அப்போது என் வீட்டில் இருந்தது ஒரே ஒரு பெரிய சார்ஜ் லைட், உள்ளே பேட்டரியை ஒட்டி மூடியது. மூன்றாம் ராத்திரி அணைந்தது. சார்ஜ் போட வழியில்லை, கழற்றி வேறு போடவும் வழியில்லை. படுக்கையில் கிடந்த அம்மாவுக்கு இருட்டில் தடவித் தடவி மாத்திரை எடுத்துக்கொடுத்தேன். கடை நிறைய டார்ச் விற்றவன் வீட்டில் அந்த நிலை. அந்த ராத்திரிக்கு அப்புறம் நான் எல்லோருக்கும் சொல்வது இது ஒன்றுதான்: லூமென் பார்த்து வாங்காதீர்கள், கட்டையைப் பார்த்து வாங்குங்கள். முக்குப் பெட்டிக்கடையில் கிடைக்கும் ஏஏ பேட்டரியை ஏற்கும் டார்ச் ஒன்றாவது வீட்டில் இருக்கவேண்டும்.

சார்ஜ் ஏற்றும் ஏஏ வாங்கினால், சும்மா வைத்தாலும் சார்ஜ் இறங்காத ரகமா என்று கேளுங்கள். பழைய நிக்கல் பேட்டரி சில மாதம் வைத்தாலே வெறுமையாகிவிடும். 2005-இல் ஜப்பானின் சான்யோ கம்பெனி எனிலூப் என்று கொண்டுவந்த பிறகுதான் ஒரு வருடம் கழித்தும் பெரும்பகுதி மிஞ்சுகிற ரகம் வந்தது. இது 1.2 வோல்ட் என்று பயப்படவேண்டாம், நல்ல டார்ச் ஏற்றுக்கொள்ளும். கூடவே பிரிக்காத அல்கலைன் பாக்கெட் ஒன்று. டார்ச்சுக்குள்ளே போட்டு வைக்காதீர்கள், ரப்பர் பேண்டால் டார்ச்சோடு கட்டி வையுங்கள்.

பெட்டியில் 'இத்தனை மணி நேரம்' என்று போட்டிருந்தால் அது முழு வெளிச்சத்தில் அல்ல. முறையான அளவீட்டிலேயே தொடக்க வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரைக்கும்தான் நேரம் கணக்கிடுகிறார்கள். அப்புறம், அறை முழுக்க வெளிச்சம் வேண்டுமென்றால் டார்ச்சை ஒரு டம்ளரில் நிமிர்த்தி வைத்து வெள்ளை மச்சுமேல் அடியுங்கள். ஐம்பது லூமெனிலேயே ஒரு குடும்பம் உட்கார்ந்து கஞ்சி குடிக்கலாம்.

அப்பாவின் மூணு கட்டை பித்தளை லைட் ஒன்று கிடக்கிறது. எல்.இ.டி போட முடியுமா?
— ஒரு வாசகி, மார்த்தாண்டம்

முடியும். கழுத்தில் தட்டு வளையம் உள்ள பழைய பல்புக்குப் பதிலாக அதே அளவில் எல்.இ.டி பல்பு வருகிறது. மூன்று கட்டைக்கு 4.5 வோல்ட், அதைத் தாங்கும் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். பழைய பல்புக்குத் திசை கிடையாது, இதற்கு உண்டு. எரியாவிட்டால் பல்பு கெட்டுவிட்டது என்று நினைக்காமல் கட்டைகளின் திசையைச் சரிபாருங்கள். கண்ணாடிக்குப் பின்னாலுள்ள வெள்ளிப் பூச்சுக் கிண்ணத்தைத் துணியால் தேய்க்காதீர்கள், பூச்சு போய்விடும். வாயால் ஊதினால் போதும். என் அப்பாவின் லைட்டுக்கும் போன வருடம் இப்படித்தான் மாற்றினேன். பித்தளையில் அவர் கட்டைவிரல் பட்டுத் தேய்ந்த இடம் அப்படியே இருக்கிறது.