கண்ணுக்கு ஸ்டெம் செல் ஊசி: மூன்று லட்சம் கட்டுவதற்கு முன்

கேள்வி: தில்லி ஆர்.கே.புரத்தில் இருக்கிறோம். என் கணவருக்கு வயது 44, மத்திய அரசு அலுவலகத்தில் வேலை. சின்ன வயதிலிருந்தே இருட்டில் தடுமாறுவார். மாலைக்கண் என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். சில வருடங்களுக்கு முன்புதான் அது ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்று தெரிந்தது. மருந்து கிடையாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நேரே இருப்பது தெரிகிறது, பக்கவாட்டில் இருப்பது தெரிவதில்லை. ஒரு வருடமாகப் படிப்பதும் மங்கலாகிவிட்டது. இங்கே ஒரு தனியார் கிளினிக்கில், வயிற்றுக் கொழுப்பிலிருந்து ஸ்டெம் செல் எடுத்து இரண்டு கண்ணிலும் ஊசி போடுகிறோம், பதிவு செய்த ஆராய்ச்சி, மூன்று லட்சம் ஆகும் என்கிறார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் இருக்கும் மனையை விற்கலாமா என்று யோசிக்கிறோம். என் மாமனாரும் மாமியாரும் அத்தை மகன், மாமன் மகள். எங்கள் திருமணம் அந்நியத்தில். 14 வயதில் மகள், 10 வயதில் மகன். அவர்களுக்கும் வருமா? வேலை போய்விடும் என்று பயந்து ஆபீஸில் அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஸ்கூட்டரில்தான் போய் வருகிறார்.

பதில்: மனையை விற்காதீர்கள், சகோதரி. அந்த ஊசியும் வேண்டாம். காரணம் சொல்வதற்கு முன், உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி வேறு ஒன்று: ஒரு வருடமாகப் படிப்பது மங்கலாகிவிட்டது என்பது.

இந்த நோய் வழக்கமாக ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெல்ல நகரும். விழித்திரையில் மங்கிய வெளிச்சத்துக்கென்று இருக்கும் குச்சி செல்கள் முதலில் சாகும். அதனால்தான் முதலில் இரவுப் பார்வை போகிறது, பிறகு பக்கப் பார்வை. படிப்பதற்கும் முகம் அடையாளம் காண்பதற்குமான கூம்பு செல்கள் நடுவில் இருக்கின்றன. அவை பல வருடம் தாக்குப்பிடிக்கும். 44 வயதில் ஒரே வருடத்தில் எழுத்து மங்கினால், நோய் முற்றிவிட்டது என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காரக் கூடாது. இந்த நோயாளிகளுக்குத் துணையாக வரும் இரண்டு கோளாறுகள் உண்டு, இரண்டுக்கும் வைத்தியம் இருக்கிறது. ஒன்று கண்புரை. லென்ஸின் பின்பக்கத்தில் படியும் வகை, மற்றவர்களைவிட இவர்களுக்குச் சீக்கிரம் வரும். இன்னொன்று விழித்திரையின் நடுப்பகுதியில் நீர் கோத்து வீங்குவது. விழித்திரையை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேன் எடுத்தால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். டார்ஸோலமைட் சொட்டு மருந்தோ அசிட்டசோலமைட் மாத்திரையோ பலருக்கு அந்த வீக்கத்தைக் குறைக்கும். மாத்திரை என்றால் சிறுநீரகக் கல் இருந்த விவரத்தை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். போன பக்கப் பார்வை இதனால் திரும்பாது. ஆனால் ஃபைல் படிக்கிற பார்வை கொஞ்சமாவது திரும்பினால் அவருக்கு அது சின்ன விஷயமா?

மருந்து கிடையாது என்று ஒருமுறை கேட்ட பிறகு கண் டாக்டரிடம் போவதையே நிறுத்திவிடுகிறார்கள். இந்த நோயில் நடக்கும் பெரிய நஷ்டம் அதுதான் என்பது என் அபிப்பிராயம். நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து எய்ம்ஸின் டாக்டர் ராஜேந்திர பிரசாத் கண் மையம் தூரமே இல்லை. கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும். இருந்தாலும் முதல் வேலை அதுவாக இருக்கட்டும்.

இனி அந்த ஊசி. ஸ்டெம் செல் என்பது வேறு வகை செல்லாக மாறக்கூடிய மூல செல். ஆராய்ச்சி என்று சொல்லிக்கொண்டு யாராவது உங்களிடம் பணம் கேட்டால், அங்கேயே சந்தேகம் வர வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, ஆராய்ச்சிக்காகச் செய்யும் எதற்கும் பங்கேற்பவரிடம் காசு வாங்கக் கூடாது. அதே ஆண்டில் ஸ்டெம் செல்லுக்கென்று தனி வழிகாட்டுதலும் வந்தது. சில ரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று போன்றவை தவிர மற்ற நோய்களுக்கு ஸ்டெம் செல் இன்னும் சோதனைக் கட்டத்தில்தான் இருக்கிறது, முறையான மருத்துவ ஆய்வாக மட்டுமே அதைச் செய்யலாம் என்று அது சொல்கிறது. 2019-இல் வந்த புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வுகள் விதிகளின்படி, ஆய்வினால் பாதிப்பு நேர்ந்தால் நடத்துபவர் இலவசமாக வைத்தியம் பார்க்க வேண்டும், இழப்பீடும் தர வேண்டும். மூன்று லட்சம் கேட்கும் இடத்தில் இதையெல்லாம் எழுதித் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

பதிவு செய்த ஆராய்ச்சி என்கிறார்களே என்று நீங்கள் கேட்கலாம். நம் நாட்டில் மருத்துவ ஆய்வுகளுக்கு சி.டி.ஆர்.ஐ. என்ற பொதுப் பதிவேடு இருக்கிறது, 2009-லிருந்து கட்டாயம். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, இணையத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். எந்த நோய்க்கு, எந்த ஊரில், எந்த நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆனால் பதிவேட்டில் பெயர் இருக்கிறது என்பதற்காக அது பாதுகாப்பானது என்றோ பலன் தரும் என்றோ அரசு சான்று கொடுத்துவிட்டதாக அர்த்தம் இல்லை.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் நடந்ததைக் கேளுங்கள். வயதினால் வரும் விழித்திரை நடுப்பகுதிச் சிதைவு நோய் இருந்த மூன்று பெண்கள். எல்லாரும் எழுபது வயதைத் தாண்டியவர்கள். ஒரு கிளினிக்கில் அவர்களுடைய வயிற்றுக் கொழுப்பிலிருந்து செல் எடுத்து, ஒரே நாளில் இரண்டு கண்ணிலும் ஊசி போட்டார்கள். கட்டணம் 5,000 டாலர். அந்நாட்டு ஆய்வுப் பதிவேட்டில் அந்த கிளினிக்கின் ஆய்வு இருந்தது. ஊசிக்கு முன் மூவருக்கும் ஓரளவு பார்வை இருந்தது. விழித்திரை கழன்று, ரத்தம் கசிந்து, மூவரும் ஏறத்தாழப் பார்வையற்றவர்களானார்கள். ஒருவருக்கு வெளிச்சம்கூடத் தெரியாமல் போனது. நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் 2017 மார்ச்சில் இந்த விவரம் வெளியானது. கொழுப்பிலிருந்து எடுத்து இரண்டு கண்ணிலும் என்று உங்களிடம் சொல்லியிருப்பதை இதோடு வைத்துப் பாருங்கள். நேர்மையான ஆய்வில் பெரும்பாலும் ஒரு கண்ணில்தான், அதுவும் பார்வை குறைந்த கண்ணில்தான் தொடங்குவார்கள்.

கண்ணுக்கு ஸ்டெம் செல் பலனே தராதா? தரும், ஆனால் வேறு இடத்தில். சுண்ணாம்பு, ஆசிட் பட்டு வெந்துபோன கருவிழிக்கு, நல்ல கண்ணின் கருவிழி விளிம்பில் இருக்கும் ஸ்டெம் செல்லை எடுத்து வைக்கும் சிகிச்சையை ஹைதராபாத் எல்.வி.பிரசாத் கண் மருத்துவமனை பல ஆண்டுகளாகச் செய்கிறது. பலருக்குப் பார்வை திரும்பியிருக்கிறது. விற்பனைக்காரர்கள் காட்டும் வெற்றிக் கதைகளில் இதுவும் கலந்திருக்கும், ஜாக்கிரதை. கருவிழி கண்ணின் முன்பக்கத் திரை. விழித்திரை மூளையோடு இணைந்த நரம்புத் திசு. வயரிங் கருகிய வீட்டுக்குள் ஒரு கூடை பல்பைக் கொட்டினால் விளக்கு எரியாது. வெறுமனே ஊசியில் செலுத்தும் கொழுப்பு செல்லும் அப்படித்தான், எந்த நரம்போடும் போய் இணைவதில்லை.

உண்மையான ஆராய்ச்சி வேறு பாதையில் போகிறது. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்பது ஒரே நோயின் பெயர் இல்லை. அறுபது, எழுபதுக்கும் அதிகமான மரபணுக்களில் ஏதாவது ஒன்று பழுதானால் வரும் நோய்களின் கூட்டம் அது. அவற்றில் ஆர்.பி.ஈ.65 என்ற ஒரு மரபணுவுக்கு மட்டும் லக்ஸ்டர்னா என்ற மரபணு சிகிச்சை 2017 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பழுதில்லாத மரபணுவை வைரஸ் ஒன்றில் ஏற்றி விழித்திரைக்கு அடியில் செலுத்துவார்கள். இரண்டு கண்ணுக்கும் அங்கே வைத்த விலை 8,50,000 டாலர். மற்ற மரபணுக்காரர்களுக்கு அதனால் பயனில்லை. உயிரோடு செல் மிச்சமிருந்தால்தான் பலன், அதுவும் ஒரு நிபந்தனை. மரபணு எதுவானாலும் சரி என்கிற வழியும் சோதனையில் இருக்கிறது. செத்த செல்லை விட்டுவிட்டு, அதற்குப் பின்னால் உயிரோடு இருக்கும் நரம்பு செல்லுக்கு ஒளியை உணரும் தன்மையைக் கொடுப்பது. இதே நோயால் பார்வை இழந்த 58 வயது மனிதர் ஒருவர், இந்தச் சிகிச்சைக்குப் பின் தனிக் கண்ணாடி ஒன்றைப் போட்டுக்கொண்டு, மேசை மேல் இருந்த பொருளை இருக்குமிடம் கண்டு தொட்டார் என்று 2021-இல் நேச்சர் மெடிசின் எழுதியது. நம்பிக்கை தரும் செய்திதான். படிக்கவோ முகம் பார்க்கவோ அது போதாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நல்ல ஆராய்ச்சியும் நோயாளியைக் கைவிட்டது உண்டு. ஆர்கஸ்-2 என்ற செயற்கை விழித்திரைக் கருவிக்கு 2013-இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. உலகெங்கும் 350-க்கும் மேற்பட்டோருக்குப் பொருத்தினார்கள். பிறகு தயாரித்த நிறுவனம் பணத் தட்டுப்பாட்டில் அதைக் கைவிட, பழுது பார்க்கக்கூட ஆளில்லாமல் அவர்கள் கண்ணுக்குள் கருவியோடு நின்றார்கள். எந்த ஆய்வில் சேர்ந்தாலும், முடிந்த பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேளுங்கள்.

அதனால், செலவழித்தே ஆக வேண்டுமென்றால் மரபணுப் பரிசோதனைக்குச் செலவழியுங்கள். ரத்தம் கொடுத்தால் போதும், கேட்கிற மூன்று லட்சத்தில் ஒரு சிறு பங்குதான் ஆகும். லீவுக்கு ஊருக்குப் போகும்போது சென்னை சங்கர நேத்ராலயாவிலோ மதுரை அரவிந்திலோ காட்டி, மரபியல் ஆலோசனையோடு சேர்த்தே செய்துகொள்ளலாம். எல்லாருக்கும் தெளிவான விடை வந்துவிடாது. வந்தால் அந்த மரபணுவின் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு எந்த ஆய்வு உண்மையில் அவருக்கானது என்று சொல்லப்போவது அந்தப் பெயர்தான்.

பிள்ளைகளைப் பற்றி. உங்கள் மாமனாரும் மாமியாரும் உறவுக்குள் மணந்தவர்கள், இருவருக்கும் பார்வைக் கோளாறு இருந்ததாக நீங்கள் எழுதவில்லை. அப்படியென்றால் மரபணுவின் பழுதான பிரதி அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்து சேர்ந்தால்தான் நோய் வெளிப்படும் வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அந்த வகையானால், அந்நியத்திலிருந்து வந்த உங்களிடம் அதே மரபணுப் பழுது இருப்பது அபூர்வம். பிள்ளைகள் இருவரும் ஒரு பழுதான பிரதியைச் சுமப்பார்கள், நோய் வராது. அப்பா மகளுக்கு மட்டும் கொடுக்கும் எக்ஸ் குரோமோசோம் வழியாக வரும் வகை என்றால் கணக்கு மாறும். மகனுக்கு அப்பாவிடமிருந்து வராது, மகள் அதைச் சுமப்பாள், அவளுடைய மகன்களுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. எந்த வகை என்று சொல்வதற்கும் அதே பரிசோதனைதான். அதுவரை இருவருக்கும் ஒருமுறை கண் பரிசோதனை செய்து, இருட்டில் தடுமாறுகிறார்களா என்று கவனித்தால் போதும்.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவைக்கிறேன். மகளை அவள் அத்தை மகனுக்கே கொடுத்துவிடலாமே என்ற பேச்சு ஒருநாள் எழலாம். முதலில் சொன்ன வகையாக இருந்து, உங்கள் நாத்தனாருக்கு நோய் இல்லாவிட்டாலும், அந்தத் திருமணத்தில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர 12-இல் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. மரபணு தெரிந்தால், அந்தப் பையனுக்கு ஒரு பரிசோதனை செய்து இருக்கிறதா இல்லையா என்று தீர்த்துவிடலாம்.

வேலை பயத்துக்கு வருகிறேன். மறைப்பதுதான் அவருக்கு ஆபத்து. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 20 உட்பிரிவு 4, பணியில் இருக்கும்போது குறைபாடு ஏற்பட்ட அரசு ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது. இருக்கும் வேலை ஒத்துவராவிட்டால் அதே சம்பளத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். அப்படிப் பணியிடம் இல்லையென்றால், கிடைக்கும்வரை அல்லது ஓய்வுபெறும்வரை கூடுதல் பணியிடம் உருவாக்கி வைத்திருக்க வேண்டும். சீருடைப் படைகளில் சில பணிகளுக்கு விலக்கு உண்டு, உங்கள் வீட்டுக்காரர் இருப்பது சாதாரண அலுவலகம் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

இதற்குச் சான்றிதழ் வேண்டும். நேரே தெரிகிறதே, எனக்கு எப்படிக் கொடுப்பார்கள் என்று இந்த நோயாளிகள் பலர் விண்ணப்பிப்பதே இல்லை. சட்டத்தின் அட்டவணை பார்வைப் பரப்பையும், அதாவது நேரே பார்க்கும்போது எவ்வளவு அகலம் கண்ணில் படுகிறது என்பதையும், கணக்கில் எடுக்கிறது. பரப்பு 40 டிகிரிக்குக் கீழே, 10 டிகிரி வரை என்றால் குறைபார்வை, 10-க்கும் கீழே போனால் பார்வையின்மை. எழுத்துப் பலகையைத் தெளிவாகப் படித்தாலும் சரி. எனவே பார்வைப் பரப்புப் பரிசோதனையின் அச்சுப் பிரதியை வாங்கி, ஸ்வாவலம்பன் இணையதளத்தில் யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். சட்டத்தின் பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதக் குறைபாடு இருக்க வேண்டும். அட்டை கிடைத்ததும் அலுவலகத்தில் எழுத்தில் தெரிவித்து, பெரிய திரை, திரைவாசிப்பு மென்பொருள் கேட்கலாம். என்.வி.டி.ஏ. மென்பொருள் இலவசம், தமிழும் பேசும். கைத்தடியோடு நடக்கும் பயிற்சியும் கணினிப் பயிற்சியும் உங்கள் ஆர்.கே.புரம் செக்டர் 5-இலேயே, தேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தில்லி கிளையில் விசாரிக்கலாம். பார்வை முழுதாகப் போன பிறகுதான் அங்கே போக வேண்டும் என்றில்லை. கொஞ்சம் மிச்சமிருக்கும்போது கற்றுக்கொண்டால் சுலபமாக வரும்.

வைட்டமின் ஏ மாத்திரை பற்றி யாராவது சொல்லியிருப்பார்கள். 1993-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வை நம்பிப் பல ஆண்டுகள் கொடுத்தார்கள். 2023-இல் மரபணு விவரத்தோடு மறுபடி அலசியபோது பலன் தெரியவில்லை. சில மரபணு வகைகளில் கெடுதல்கூட ஆகலாம். பொன்னாங்கண்ணிக் கீரையைத் தாராளமாகச் சமைத்துப் போடுங்கள், கண்ணில் மட்டும் எந்தச் சாற்றையும் பிழியாதீர்கள்.

ஸ்கூட்டர் சாவியை இன்றே வாங்கி வையுங்கள். பக்கப் பார்வை இல்லாதவருக்குக் குறுக்கே வரும் ஆட்டோ, ஓடிவரும் குழந்தை எதுவும் மோதும் வரை தெரியாது, குளிர்காலப் பனியில் கேட்கவே வேண்டாம். மெட்ரோவிலோ பஸ்ஸிலோ போகட்டும், சாயங்காலம் இருட்டும் மாதங்களில் உடன் வேலை செய்பவர் யாராவது ஸ்டேஷன் வரை கூட வரட்டும். அதற்காவது அவர் ஆபீஸில் ஒருவரிடம் விஷயத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.