வாரத்துக்கு ஒன்றா, நாளுக்கு ஒன்றா?

மாமனார் 60,000 யூனிட் வைட்டமின் டி மாத்திரையைத் தினமும் ஒன்றாக 20 நாள் போட்டுவிட்டார். இப்போது ஓயாத தாகம், மலச்சிக்கல். – மன்னார்குடி வாசகி

உடனே நிறுத்துங்கள். இது வாரம் ஒன்று, பெரும்பாலும் எட்டு வாரம் போடுகிற மாத்திரை. நாலு மாத்திரை அட்டை ஒரு மாதத்துக்கு. எட்டு வாரத்துக்கும் சேர்த்தே 4,80,000 யூனிட்தான். அவர் உடம்பில் 12 லட்சம் போயிருக்கிறது. வைட்டமின் டி கொழுப்பில் தங்கிவிடும், சிறுநீரில் கழியாது. ரத்தத்தில் கால்சியம் ஏறினால் தாகம், மலச்சிக்கலில் தொடங்கி வாந்தி, குழப்பம், சிறுநீரகக் கோளாறு வரை போகும். இன்றே டாக்டரிடம் காட்டி ரத்தத்தில் கால்சியம், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டுவது), வைட்டமின் டி மூன்றையும் பாருங்கள். கால்சியம் மாத்திரை போடுகிறார் என்றால் அதையும் நிறுத்திவிட்டுப் போங்கள்.

டாக்டர் சொல்லாமல் பெரியவர்கள் தினமும் எடுப்பதற்கு உச்சவரம்பு 4,000 யூனிட். மறுபடி வார மாத்திரை எழுதினால், நல்ல நேரம் பார்க்கிற தினசரி காலண்டரில் ஞாயிறு தாள்களில் மட்டும் குறித்து வையுங்கள்.

ஐந்து மாதக் கர்ப்பம். இரும்பு, கால்சியம் இரண்டையும் காலை காபியோடு போடலாமா? – பாபநாசம் வாசகி

கூடாது. காபியும் கால்சியமும் இரும்பை உடம்பில் சேரவிடாது. கும்பகோணத்துப் பக்கம் காபியை விடச் சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்? நேரத்தை மாற்றுங்கள். கால்சியம் 500 மி.கி. காலைப் பலகாரத்தோடு ஒன்று, இரவுச் சாப்பாட்டோடு ஒன்று. ஒரு மணிக்குச் சாப்பிட்டால், இரண்டு மணிக்கு எலுமிச்சைச் சாறோடு சிவப்பு மாத்திரை (இரும்பு 60 மி.கி., ஃபோலிக் அமிலம் 500 மைக்ரோகிராம்). அடுத்த காபி நாலு மணிக்கு. தினம் ஒன்று, 180 நாள். மலம் கறுப்பாகப் போகும், பயம் வேண்டாம்.

சர்க்கரை நோய்க்குப் பத்து வருடமாக மெட்ஃபார்மின். பாதம் மரத்துப்போகிறது. கடையில் நரம்பு மாத்திரை வாங்கலாமா? – திருவாரூர் வாசகர்

முதலில் ரத்தத்தில் வைட்டமின் பி12 பாருங்கள். மெட்ஃபார்மின் அதைக் குறைக்கும். அதற்காக மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்தாதீர்கள். நரம்பு மாத்திரையில் பி12 1,500 மைக்ரோகிராம் என்று பார்த்து மிரள வேண்டாம், அதில் உடம்பில் சேர்வது சொற்பம். கூடவே இருக்கும் பி6-ஐத்தான் கவனிக்க வேண்டும். 100 மி.கி. அளவில் மாதக்கணக்காகப் போட்டால் அதுவே மரத்துப்போக வைக்கும்.

ஏழு வயதுப் பையன் வைட்டமின் சி மாத்திரையை மிட்டாய் மாதிரித் தின்கிறான். – நாகப்பட்டினம் வாசகி

ஒரு மாத்திரையே 500 மி.கி.; அவன் வயதுக்கு உச்சவரம்பு நாளுக்கு 650. மிஞ்சினால் வயிற்றுப்போக்கு. கொய்யாப்பழம் கொடுங்கள், போதும். அதே டப்பாவில் இரும்பு மாத்திரை இருந்தால் இன்றே எடுத்துப் பூட்டுங்கள். சின்னக் குழந்தை பத்து மாத்திரை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.