அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன்: எந்த எலும்பு டாக்டரிடம் போவது?

கேள்வி: அம்மாவுக்கு 66 வயது. இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது. மூன்று டாக்டர்கள் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். யாரை நம்புவது?

நான் பிசியோதெரபிஸ்ட். மதுரையில் வீடு வீடாகப் போய், மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்தவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. டாக்டர் அறையில் எப்படிப் பேசினார் என்பது எனக்குத் தெரியாது, அவர் அனுப்பிவைத்த முட்டியைத்தான் நான் பார்க்கிறேன். என் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

படிப்பை ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். எம்.எஸ். ஆர்த்தோ, டி.என்.பி. ஆர்த்தோ இரண்டும் முழு மேற்படிப்பு. டி.ஆர்த்தோ என்பது டிப்ளமோ; அதில் கைராசிக்காரர்களும் இருக்கிறார்கள். மருந்துச் சீட்டில் இருக்கும் மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணை இணையத்தில் போட்டுச் சரிபாருங்கள். அதைவிட முக்கியம், அவர் தினமும் எதைச் செய்கிறார் என்பது. முதுகுத்தண்டு பார்ப்பவர், விபத்தில் உடைந்த எலும்புக்கு பிளேட் வைப்பவர், விளையாட்டுக்காரர்களின் ஜவ்வைச் சரிசெய்பவர் எல்லோருமே எலும்பு டாக்டர்தான். உங்களுக்கு வேண்டியவர் வாரம் தவறாமல் முட்டி மாற்றுபவர். "வருடத்துக்கு எத்தனை முட்டி செய்கிறீர்கள் சார்?" என்று நேராகவே கேளுங்கள். இதற்குக் கோபப்படுபவரிடம் மேற்கொண்டு எதையும் கேட்க முடியாது.

முதல் நாள் அவர் அம்மாவை எப்படிப் பார்க்கிறார் என்று கவனியுங்கள். நடக்கச் சொன்னாரா? இடுப்பை அசைத்துப் பார்த்தாரா? இடுப்பு மூட்டு கெட்டிருந்தாலும் வலி முட்டியில் தெரியும். எக்ஸ்ரேயை நிற்கவைத்து எடுக்கச் சொன்னாரா? படுக்கவைத்து எடுத்தால் தேய்மானம் குறைவாகத் தெரியும், உடம்பின் எடை முட்டியில் இறங்காது அல்லவா. இதெல்லாம் இல்லாமல் எடுத்த எடுப்பில் எம்.ஆர்.ஐ. கேட்டால் கொஞ்சம் யோசியுங்கள். இந்த வயதில் தேய்ந்த முட்டிக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தால் பெரும்பாலானோருக்கு ஏதாவது ஒரு ஜவ்வுக் கிழிசல் தெரியத்தான் செய்யும். அதைக் காட்டி, "சின்ன துளை போட்டு உள்ளே சுத்தம் பண்ணிடலாம்" என்பார்கள். தேய்ந்த முட்டிக்கு அது வீண் செலவு. 2002-இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் 180 பேரை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார்கள். உள்ளே கழுவிச் சுத்தம் செய்தவர்களுக்கும், தோலில் மட்டும் கீறித் தைத்து அனுப்பியவர்களுக்கும் வலி குறைந்ததில் வித்தியாசமே இல்லை. உங்கள் மூன்று டாக்டர்களில் யாராவது இப்படிச் சுத்தம் செய்யலாம் என்று சொல்லியிருந்தால் அவரை முதலில் கழித்துவிடலாம்.

அடுத்து, "இப்போது ஆபரேஷன் வேண்டாம் என்றால் என்ன ஆகும்?" என்று மூன்று பேரிடமும் கேளுங்கள். தேய்மானத்தில் முட்டி மாற்றுவது அவசர ஆபரேஷன் கிடையாது. தொடைத் தசைக்குப் பயிற்சி, எடைக் குறைப்பு, கைத்தடி, தேவைப்படும்போது மாத்திரை என்று பல பேர் வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள். இரவில் வலியால் தூக்கம் கெடுகிறது, பாத்ரூம் வரைகூட நடக்க முடியவில்லை, காலும் வளைந்துகொண்டே போகிறது என்றால் தள்ளிப்போடுவதில் அர்த்தமில்லை. இந்த இரண்டு பக்கத்தையும் எடுத்துச் சொல்பவர்தான் என் கணக்கில் நல்ல டாக்டர். "அடுத்த வாரமே அட்மிட் ஆகுங்க, ஆஃபர் இருக்கு" என்பவர் அல்ல. (ஆமாம், ஆஃபர் எல்லாம் நடக்கிறது.) அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால் மூன்று மாதச் சராசரியைப் பார்க்காமல் தேதி குறிப்பவரும் வேண்டாம். புது மூட்டில் கிருமி புகுந்தால் படும் பாடு சொல்லி மாளாது.

செலவுக்கு வருவோம். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை மூட்டுக்கு உச்சவரம்பு வைத்தது. வழக்கமான கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு அப்போது வரி தவிர்த்து 54,720 ரூபாய். அதற்கு முன் ஒன்றரை லட்சத்துக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்தார்கள். பில்லில் மூட்டின் கம்பெனி, பேட்ச் எண், விலை தனியாக இருக்க வேண்டும். ரோபோ பற்றியும் கேட்பீர்கள்: ரோபோ தானாக ஆபரேஷன் செய்யாது. டாக்டர்தான் செய்கிறார், அளவு தப்பாமல் வெட்ட அது உதவுகிறது. அதற்காகக் கடன் வாங்க வேண்டியதில்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் விசாரியுங்கள், அங்கேயும் மூட்டு மாற்றுகிறார்கள்.

இனி என் தொழில் சம்பந்தப்பட்டது. ஆஸ்பத்திரி காட்டும் வீடியோவில் எல்லோரும் மறுநாளே நடப்பார்கள். அது பெரிய விஷயமில்லை, இப்போது பெரும்பாலான இடங்களில் மறுநாளே நடக்க வைக்கிறார்கள். ஒரு வருடம் முன்பு அதே டாக்டரிடம் செய்துகொண்டவரைத் தேடிப் பிடித்து, மாடிப்படி ஏறுகிறாரா, காலை முழுசாக நீட்ட முடிகிறதா என்று கேளுங்கள். மடக்குவதைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். முட்டி கொஞ்சம் குறைவாக மடங்கினாலும் சமாளிக்கலாம், முழுசாக நீளாவிட்டால் ஆயுசுக்கும் நொண்டித்தான் நடக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் பயிற்சி பற்றி ஒரு வரிகூட எழுதாத டாக்டர்கள் உண்டு. நான் போன் போட்டால் எடுத்து, "வீக்கம் எப்படி இருக்கு, எவ்வளவு நீளுது?" என்று கேட்பவர்களும் உண்டு. என் அம்மாவுக்கு என்றால் இரண்டாவது ரகத்திடம்தான் கூட்டிப் போவேன். உங்கள் ஊரிலும் வீட்டுக்கு வரும் பிசியோ யாராவது இருப்பார். அவரிடம் தனியாகக் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார்.

ஒன்று மட்டும் வேறு. இவ்வளவு விசாரணையும் திட்டமிட்ட ஆபரேஷனுக்குத்தான். அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தால் டாக்டர் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. மயக்க மருந்து டாக்டரும் ரத்த வசதியும் இருக்கிற பக்கத்து ஆஸ்பத்திரியில் சேர்த்து, முடிந்தால் 48 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் நடக்கும்படி பாருங்கள்.