அது சைபீரிய வாத்து இல்லை, அலகைப் பாருங்கள்

கேள்வி: டிசம்பரில் சென்னை பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் ஒரு பழுப்பு வாத்தைப் படம் எடுத்தேன். கறுப்பு அலகு, நுனி மட்டும் மஞ்சள். சைபீரியாவிலிருந்து வந்த அரிய பறவை என்கிறார் ஒரு வழிகாட்டி. கூட்டுக்குப் பக்கத்திலேயே கூட்டிப்போகிறேன் என்று பணமும் கேட்கிறார். நம்பலாமா? தெளிவாகப் படம் எடுப்பது எப்படி?

பதில்: கறுப்பு அலகு, மஞ்சள் நுனி என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அது புள்ளி மூக்கு வாத்துதான். நம் ஏரிகளிலேயே வருடம் முழுக்க இருந்து குஞ்சு பொரிக்கிற பறவை. படத்தைப் பெரிதாக்கினால் அலகு முகத்தோடு சேரும் இடத்தில் சிவப்புப் புள்ளி தெரியும், பெட்டைக்குக் கொஞ்சம் மங்கல். மடித்த இறக்கையின் பின்பக்கம் வெள்ளைப் பட்டை இருக்கும்.

பலரும் இதோடு குழப்பிக்கொள்வது நீலச்சிறகி என்கிற இன்னொரு வாத்தை. நிஜமாகவே வடக்கிலிருந்து வலசை வருவது அதுதான். ஆணுக்குக் கண்ணுக்கு மேல் வெள்ளைக் கோடு என்று படித்துவிட்டுப் போவீர்கள், ஆனால் இங்கே வந்து இறங்கும்போது ஆணும் பெட்டை மாதிரி பழுப்பாகத்தான் இருக்கும், பல ஆண்களுக்கு அந்தக் கோடு குளிர்காலம் பாதி போன பிறகுதான் நன்றாகத் தெரியும். அதனால் டிசம்பரில் கோடு இல்லாத கூட்டத்தைப் பார்த்து எல்லாமே பெட்டை என்று எழுதிவிடாதீர்கள். நீலச்சிறகியின் அலகில் மஞ்சள் நுனி கிடையாது, உடம்பும் சிறிசு, அது சுமார் 40 செ.மீ. என்றால் உங்களுடையது 60 செ.மீ.

அந்த ஆளுக்குப் பணம் தராதீர்கள், தயவுசெய்து. தண்ணீரோரப் புல்லுக்குள் தரையில் கூடு கட்டுகிற பறவை இது. நீங்கள் பக்கத்தில் போனால் தாய் எழுந்து போகும், காக்கை முட்டையைத் தூக்கும். கூட்டைத் தொந்தரவு செய்வதையே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக் கணக்கில் சேர்த்திருக்கிறது. கூட்டம் பறக்கிற படம் வேண்டும் என்று கல்லெறிகிற வழிகாட்டிகளும் இருக்கிறார்கள். பள்ளிக்கரணை 2022-ல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்த்த சதுப்பு நிலம், அதன் கரையில் பைனாகுலர் மாட்டியவரெல்லாம் வழிகாட்டி என்று காசு வாங்குவதை ஏன் யாருமே கேட்பதில்லை?

படத்துக்கு வருவோம். காலையில் வெயில் உங்கள் முதுகில் விழுகிற பக்கமாக, தாழ்வாக உட்கார்ந்து காத்திருங்கள், வாத்து தானாக நெருங்கி வரும். கழுத்தை நிமிர்த்திப் பார்த்தால் அசையாதீர்கள். ஷட்டர் வேகம் 1/1000 நொடி வைத்தால் நீந்துகிற வாத்துக்குப் போதும். தண்ணீர் பளபளக்கும்போது உடம்பு வெறும் கறுப்பாகிவிடும், அப்போது எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவைக் கொஞ்சம் ஏற்றுங்கள், வெள்ளைப் பட்டை வெளிறாத அளவுக்கு. அப்புறம், பக்கவாட்டில் அலகும் இறக்கையும் தெரிகிற மாதிரி ஒரு படமாவது எடுத்துவிடுங்கள், அழகாக இல்லாவிட்டாலும் அடையாளம் சொல்ல அதுதான் உதவும்.