ஐ.டி. வேலையை விட்டுவிட்டு ரோலர் ஸ்கேட்டிங்கைத் தொழிலாக எடுத்துக்கொள்ளலாமா?

எட்டு வருடமாக ஐ.டி.யில் இருக்கிறீர்கள், சனி ஞாயிறு மட்டும் ஸ்கேட்டிங், மனசு முழுக்க அதிலேயே கிடக்கிறது, வேலையை விட்டுப் பயிற்சி வகுப்பு தொடங்கலாமா, வீட்டில் எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இதைச் செய்தவள் என்பதால் எழுதுகிறேன். சோழிங்கநல்லூரில் ஒன்பது வருடம் சாஃப்ட்வேர் டெஸ்டிங் பார்த்தேன். 2021 அக்டோபரில் விட்டேன். இப்போது சென்னையில் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் ஸ்கேட்டிங் சொல்லித் தருகிறேன், கூடவே ஸ்கேட்ஸ் விற்பனை, சர்வீஸ். விடலாமா என்றால், விடலாம். ஆனால் அதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: உங்களுக்குப் பிடித்திருப்பது ஸ்கேட் செய்வதா, மற்றவர்களை ஸ்கேட் செய்ய வைப்பதா?

இரண்டும் ஒன்று என்றுதான் நானும் நினைத்திருந்தேன். விடியற்காலை ஐந்தரைக்குப் பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் வண்டிகள் வர ஆரம்பிப்பதற்குள் மேலும் கீழுமாக ஓடுவேன், வீல் சத்தமும் காதோரம் காற்றும் தவிர வேறெதுவும் இருக்காது, அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் வேலையையே விட்டேன். விட்ட பிறகு முதலில் பறிபோனது அந்த ஒரு மணி நேரம்தான், ஏனென்றால் அதுதான் வகுப்பு நேரம். ஏழு வயசுப் பிள்ளைகளுக்குக் குனிந்து குனிந்து பக்கிள் மாட்டுவது, யாருக்கு எந்த சைஸ் கொடுத்தோம் என்று குறித்து வைப்பது, இந்த மாத ஃபீஸ் இன்னும் வரவில்லை என்று கூச்சப்பட்டுக்கொண்டே மெசேஜ் போடுவது, மணல் புகுந்த பேரிங்கைக் கழற்றிக் கழுவி எண்ணெய் விடுவது. முதல் மூன்று மாதத்தில் என் சொந்த ஸ்கேட்ஸைக் கட்டிக்கொண்டு யாருக்காகவும் நிற்காமல் ஓடியது நான்கைந்து தடவைதான் இருக்கும். அழுகையே வந்தது.

அப்புறம் ஏன் திரும்பிப் போகவில்லை? ஒரு மாணவியைப் பற்றிச் சொல்கிறேன். வயது 46, வங்கியில் வேலை, சின்ன வயசில் அண்ணன் தம்பிகள் சைக்கிள் ஓட்டியபோது "பொம்பளப் புள்ள விழுந்து கைகால் உடைஞ்சா என்ன பண்றது" என்று எதையும் தொடவே விடாத வீடு. மூன்று வாரம் சுவரைப் பிடித்த பிடி விடவில்லை. நான்காவது வாரம், நான் வேறொருவருக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தபோது, முதுகுக்குப் பின்னால் வீல் சத்தம் மாறியது. தள்ளாடிப் போகிறவர்களின் வீல் கடகடவென்று சிணுங்கும். எடையை ஒரு காலில் முழுதாக வைத்து வழுக்கிப் போனால் ஒரே இழையாக ஒரு ஓசை வரும். திரும்பிப் பார்த்தால் அந்தம்மா மைதானத்தின் நடுவில் இருக்கிறார், பக்கத்தில் சுவர் இல்லை. மெதுவாக என்னிடம் வந்து, "இன்னொரு ரவுண்டு போகட்டுமா?" என்று அனுமதி கேட்டார். அன்றைக்குத்தான், நான் ஓடாமல் போனாலும் பரவாயில்லை, இந்தச் சத்தம் மாறுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தால் போதும் என்று பட்டது. இது எனக்கு வாய்த்தது. எல்லோருக்கும் வாய்க்கும் என்று சொல்லமாட்டேன். எனக்குத் தெரிந்த அருமையான ஸ்கேட்டர்கள் சிலர் வகுப்பு தொடங்கி ஒரே வருடத்தில் ஸ்கேட்ஸைத் தொடவே பிடிக்காத நிலைக்குப் போனார்கள்.

ஆகவே வேலையில் இருக்கும்போதே ஆறு மாதம் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள். உங்கள் அப்பார்ட்மெண்டில் நாலு பிள்ளைகள் போதும். நியமனக் கடிதத்தில் வெளியே சம்பாதிக்கக் கூடாது என்ற ஷரத்து இருக்கிறதா என்று முதலில் படியுங்கள், பெரும்பாலான ஐ.டி. கம்பெனிகளில் இருக்கும். இருந்தால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், கிடைக்காவிட்டால் காசு வாங்காமல் சொல்லிக்கொடுங்கள். அந்த ஆறு மாதத்தில் உங்கள் கணக்கு நோட்டில் இருக்கவேண்டியது, எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதைவிட, எத்தனை பேர் மூன்றாவது மாதமும் வந்தார்கள் என்பது. குழந்தைகள் புது ஸ்கேட்ஸ் ஆசையில் வருவார்கள், இரண்டு தடவை விழுந்ததும் நின்றுவிடுவார்கள். அவர்களை நிற்கவிடாமல் வைத்திருக்கத் தெரிந்தால்தான் இது பிழைப்பாகும்.

விழுவதைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதில் மட்டும் கொஞ்சம் நிற்கிறேன், என் கையில் ஆறு வாரம் மாவுக்கட்டு இருந்தது. 2019, நானே கற்றுக்கொண்டிருந்த காலம், ரிஸ்ட் கார்டு (மணிக்கட்டுக் கவசம்) போட்டால் வியர்க்கிறது என்று கழற்றி வைத்திருந்தேன், பின்பக்கமாகச் சாய்ந்து கையை ஊன்றினேன், மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஸ்கேட்டிங்கில் அதிகம் அடிபடும் இடம் அதுதான். அமெரிக்காவில் 1996-ல் வெளியான ஓர் ஆய்வில், ரிஸ்ட் கார்டு போடாதவர்களுக்கு மணிக்கட்டில் அடிபடும் வாய்ப்பு போட்டவர்களைவிடச் சுமார் 10 மடங்கு என்று வந்தது. என் வகுப்பில் ஹெல்மெட், ரிஸ்ட் கார்டு, எல்போ பேட், முழங்கால் பேட் நான்கும் இல்லாமல் யாரும் ஏறமுடியாது, எவ்வளவு வேண்டியவர்களாக இருந்தாலும் சரி. முதல் வகுப்பு முழுக்க விழுவதற்குத்தான்: முழங்காலை மடக்கு, உடம்பைத் தாழ்த்து, முன்பக்கமாக முழங்கால் பேட் மேல் இறங்கு, விரலைத் தரையில் விரித்து வைக்காதே. காசு கொடுத்த பெற்றோர் சிலருக்கு இது பிடிக்காது, "எப்ப ஓட ஆரம்பிப்பான்?" என்று கேட்பார்கள். பொறுமையாகச் சொல்லுங்கள்.

அடுத்தது தரை. இந்தத் தொழிலில் உங்களை அதிகம் அலையவைக்கப் போவது இதுதான். நம் ஊரில் புது அப்பார்ட்மெண்ட் எல்லாம் பேவர் பிளாக் போட்டு வைத்திருக்கிறார்கள், ஸ்கேட்டிங்குக்கு அதைவிட மோசமான தரை கிடையாது, ஒவ்வொரு இணைப்பிலும் வீல் தட்டும், கற்றுக்கொள்பவர்களுக்குக் கால் உதறும். பேஸ்மெண்ட் பார்க்கிங்கில் எண்ணெய்க் கறை. பேட்மிண்டன் கோர்ட்டைக் கேட்டால் கோடு தேய்ந்துவிடும் என்பார்கள். நன்றாக மட்டம் பார்த்த வழுவழுப்பான சிமெண்ட் தரை, லேசான சொரசொரப்போடு, சுற்றிலும் பிடிக்க ஏதாவது இருந்தால் அதுதான் சொர்க்கம். எனக்கு அப்படி ஓர் இடம் ஒரு குடியிருப்பில் கிடைத்தது, 30 பிள்ளைகள் சேர்ந்தார்கள், எட்டாவது மாதம் சங்க நிர்வாகம் மாறியது, புதிய நிர்வாகம் ஒரே வாரத்தில் காலி செய்யச் சொல்லிவிட்டது. வாய்வழிப் பேச்சுதான், கையில் ஒரு தாள் இல்லை. அந்த 30 பேரில் புது இடத்துக்கு வந்தவர்கள் 9 பேர். ஆகவே இரண்டு பக்கமாவது எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: எத்தனை மாதம், என்ன நேரம், வாடகை எவ்வளவு, அடிபட்டால் யார் பொறுப்பு, காலி செய்ய எத்தனை நாள் அவகாசம். அப்புறம் ஒரே இடத்தை நம்பாதீர்கள், இரண்டு இடமாவது வேண்டும்.

பணக் கணக்கு. கடைசி மாதம் என் கைக்கு வந்த சம்பளம் 92,000 ரூபாய். வகுப்பிலிருந்து முதல் மாதம் வந்தது 11 பேர், ஆளுக்கு 1,800, மொத்தம் 19,800, அதில் வாடகை போய் என்ன மிஞ்சும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். பழைய சம்பளத்துக்குப் பக்கத்தில் வர எனக்கு இரண்டே முக்கால் வருடம் ஆனது. அதுவரை வீட்டு வாடகையைக் கொடுத்தது என் கணவரின் சம்பளம். இதை மறைத்துவிட்டு நான் துணிச்சலாக விட்டேன் என்று உங்களிடம் சொன்னால் அது பொய்யாகிவிடும். உங்கள் வீட்டில் இன்னொரு சம்பளம் இல்லையென்றால் குறைந்தது ஒன்றரை வருடச் செலவு கையில் இருக்கவேண்டும். எட்டு வருடம் ஒரே கம்பெனியா, பல கம்பெனியா என்று தெரியவில்லை. ஒரே இடத்தில் ஐந்து வருடம் முடிந்திருந்தால் கிராஜுவிட்டி (பணிக்கொடை) வரும், ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம், அதற்கென்று கணக்கில் எடுக்கும் கடைசி மாத ஊதியத்தை 26-ஆல் வகுத்துக் கணக்குப் போடுவார்கள். நாலரை வருடத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாம். பி.எஃப்.பை எடுக்காதீர்கள், அது அங்கேயே இருக்கட்டும்.

மருத்துவக் காப்பீடு இதைவிட முக்கியம். கம்பெனி கொடுத்த குரூப் பாலிசி நீங்கள் வெளியே வந்ததும் போய்விடும். வேலையில் இருக்கும்போதே, அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசிக்கு மாற முடியுமா என்று கேளுங்கள். மாறினால் ஏற்கனவே இருக்கும் நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தில் நீங்கள் கழித்த வருடங்கள் கணக்கில் வரும். அப்பா அம்மா அந்த பாலிசியில் இருந்தால் இதை நாளைக்கே செய்யுங்கள். வீட்டுக் கடன், கிரெடிட் கார்டு மாதிரி எதுவும் வேண்டுமென்றாலும் சம்பளச் சீட்டு இருக்கும்போதே வாங்கிவிடுங்கள், அது இல்லாதவர்களிடம் வங்கி வேறு முகம் காட்டும். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம், யாருக்கும் காசு கொடுக்கவேண்டாம். வகுப்பு மட்டும் நடத்தினால் வருடம் 20 லட்சம் தாண்டும்வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவைப்படாது, ஆனால் ஸ்கேட்ஸை ஆன்லைனில் பெரிய தளங்களில் விற்கப்போகிறீர்கள் என்றால் ஒரு கணக்காளரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

வகுப்பை மட்டும் வைத்து ஓட்டுவது சிரமம், எனக்கு மூச்சு விட இடம் கொடுத்தது விற்பனையும் சர்வீஸும்தான். இதில் நேர்மை நன்றாகவே பலன் தரும். கடைக்கு வருகிறவர்கள் பேரிங் ஏபெக் 9 இருக்கிறதா என்று கேட்பார்கள். அந்த எண் தொழிற்சாலை இயந்திரங்களில் வேகமாகச் சுற்றும் பேரிங்குகளின் அளவுத் துல்லியத்துக்கானது, எட்டு வயசுப் பிள்ளையின் காலில் அதனால் பெரிய வித்தியாசம் வராது, ஒரு ஜோடியில் இருக்கும் 16 பேரிங்கையும் மணல் இல்லாமல் வைத்திருப்பதுதான் வித்தியாசம். அதை அப்படியே சொல்லி விலை குறைந்ததைக் கொடுங்கள், அந்த வீட்டிலிருந்து இன்னும் நாலு பேர் வருவார்கள். குழந்தைகளுக்கு சைஸ் கூட்டிக் குறைக்கிற மாடல்தான் சரி, ஆறு மாதத்தில் கால் வளர்ந்துவிடும். வீல் உள்பக்கம் தேய்ந்திருந்தால் புதிது விற்காதீர்கள், வரிசையில் முதல் வீலையும் மூன்றாவதையும், இரண்டாவதையும் நாலாவதையும் இடம் மாற்றித் திருப்பிப் போட்டுக் கொடுங்கள், இன்னும் கொஞ்ச காலம் ஓடும்.

பெற்றோர்களிடம் கனவு விற்காதீர்கள். 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ரோலர் ஸ்பீட் ஸ்கேட்டிங்கில் இந்தியாவுக்கு ஆண்கள், பெண்கள் இரண்டு 3000 மீட்டர் ரிலேயிலும் வெண்கலம் கிடைத்தது. ஆண்கள் அணியில் இருந்த நம்ம ஊர் ஆனந்த்குமார் வேல்குமார் 2025-ல் சீனாவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் 1000 மீட்டர் ஸ்பிரிண்ட் தங்கம் வாங்கினார். அந்த வாரம் எனக்கு வந்த போன்களில் பாதி, "எங்க பையனும் அந்த மாதிரி வருவானா?" என்பதுதான். எனக்கு அந்த ஓட்டத்தைப் பார்த்துக் கண் கலங்கியது நிஜம். ஆனாலும் நான் சொன்னது: ஸ்பீட் ஸ்கேட்டிங்குக்குத் தனிப் பயிற்சியாளரும் டிராக்கும் வேண்டும், ரோலர் ஸ்பீட் ஸ்கேட்டிங் இன்னும் ஒலிம்பிக்கில் இல்லை, ஸ்கேட்போர்டிங்தான் டோக்கியோவில் சேர்ந்தது, நான் உங்கள் பிள்ளைக்குப் பயமில்லாமல் உருளச் சொல்லித் தருவேன், அதற்கு மேல் ஆர்வம் இருந்தால் யாரிடம் போகவேண்டும் என்று காட்டுவேன். இரண்டு பேரை அப்படி அனுப்பியிருக்கிறேன். ஃபீஸ் போச்சே என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை.

வீட்டில் எப்படிச் சொல்வது என்று கேட்டீர்கள். என் அப்பா, "ஏம்மா, சக்கரம் கட்டிக்கிட்டு சுத்தறதுக்கா இன்ஜினியரிங் படிக்க வச்சேன்?" என்றார். அப்பாவிடம் பிடித்ததைச் செய்கிறேன் என்று பேசிப் பயனில்லை, அவர் 34 வருடம் பிடித்ததா இல்லையா என்று கேட்காமலேயே வேலைக்குப் போனவர், அந்த வேலைதான் எங்களை வளர்த்தது. நான் அவரிடம் காட்டியது ஆறு மாத நோட்டு. யார் வந்தார்கள், யார் நின்றார்கள், வாடகை எவ்வளவு, எந்த மாதம் எவ்வளவு குறையும், இரண்டு வருடத்துக்குள் மாத வருமானம் நோட்டில் குறித்த எண்ணைத் தொடாவிட்டால் திரும்ப வேலை தேடுவேன் என்று ஒரு தேதி. ஒரு வாரம் அந்த நோட்டை வைத்திருந்தார். திருப்பிக் கொடுக்கும்போது, "டெபாசிட்ட செலவுல எழுதியிருக்க, அது திரும்பி வர்ற பணம்" என்று பென்சிலால் திருத்தியிருந்தார். சம்மதம் என்று வாயால் சொல்லவில்லை. இன்றைக்கு வாடகை ஸ்கேட்ஸ் சைஸ் ரிஜிஸ்டர் அவர் கையெழுத்தில்தான் இருக்கிறது.

கடைசியாக, எந்த மாதம் விடுவது. நான் செய்த பெரிய தப்பு இதில்தான். 90 நாள் நோட்டீஸ் முடிந்து அக்டோபரில் வெளியே வந்தேன், நவம்பர் 7-ம் தேதி விடிந்தபோது தி.நகர் தண்ணீரில் நின்றது. அந்த மாதம் முழுக்கத் திறந்தவெளியில் ஒன்பது வகுப்புதான் நடத்தமுடிந்தது. சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் பாதிவரை மழை, மார்ச்சில் பரீட்சை, ஏப்ரல் மே கோடை விடுமுறை வகுப்புதான் வருட வருமானத்தின் பெரிய பங்கு. செப்டம்பர் கடைசியில் ராஜினாமா கொடுங்கள், டிசம்பர் கடைசியில் வெளியே வருவீர்கள். மழைக்காலம் முழுக்கச் சம்பளம் வரும், சனி ஞாயிறுகளில் தரை தேடுங்கள், மழை பெய்யும்போதே போய்ப் பாருங்கள், எங்கே தண்ணீர் தேங்குகிறது என்று அப்போதுதான் தெரியும். பொங்கல் முடிந்ததும் முதல் வகுப்பை வைத்துக்கொள்ளுங்கள்.